இரண்டாவது கை

எங்களுக்குத் தெரிந்தவரை அது தொடங்கியது மாலை மூன்று ஐம்பத்திரண்டுக்கு. தெரு முனையில் நின்று கைபேசியில் மணி பார்த்தேன். பள்ளி வேன் ஏழு நிமிடம் தாமதம். உண்மையில் மதியம் இரண்டு மணி வாக்கிலேயே தொடங்கியிருக்கும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். அதற்குப் பிறகுதான் வேன் ஓட்டுநர் பத்துப் பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசலில் இறக்கி, பெற்றவர்கள் கையில் ஒப்படைத்திருக்கிறார். பதினோராவது பிள்ளை என் மகன் ஜோயல்.

அவருடைய பெயர் அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. என் கைபேசியில் அவர் 'வேன் அண்ணா'. மற்ற பத்து வீடுகளிலும் அப்படித்தான். காவல் நிலையத்தில் டிரைவர் பெயர் என்ன என்று கேட்டபோது பெற்றோர் குழுவில் கேட்டுப் பார்த்தேன். ஆளாளுக்கு அவருடைய நம்பரையே திருப்பி அனுப்பினார்கள். இப்போது எனக்குப் பெயர் தெரியும். உயிரோடு எங்களுக்கு வேன் ஓட்டிய ஒன்றரை வருடம் கேட்காத பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை.

ஒல்லியான மனிதர். ஐம்பது வயது இருக்கும். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, காக்கி பேண்ட், மழித்த முகம். இவ்வளவு மெலிந்த ஒருவர் சுமோ மல்யுத்தத்தின் மேல் பைத்தியமாக இருக்கிறார் என்பது முதலில் எங்களுக்கெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. சந்தோஷபுரத்துப் பையனின் அப்பா ஒருமுறை அவரிடமே கேட்டுவிட்டார்.

"இன்னாண்ணா, நீ அதுல எறங்குனா ஊதியே தள்ளிடுவானுங்களே."

"அதுக்குத்தான் சார் பாக்குறதோட நிறுத்திக்கினேன்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் சொல்வது வேடிக்கையா இல்லையா என்று எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கும்.

வேன் ஓட்ட வருமுன் அவர் மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஜப்பான் இன்ஜினியர்களுக்குக் கார் ஓட்டியவர். "வண்டலூர் டிராஃபிக்ல ஒரு மணி நேரம் நிப்போம் சார். பின்னாடி சத்தமே வராது. தூங்கிட்டாரான்னு கண்ணாடில பாத்தா, போனைப் பாத்துகினு கீறாரு. மூச்சு வுடல. இன்னாடா இதுன்னு ஒரு நாள் கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டுனாரு. அவ்ளோதான், நான் மாட்டிக்கினேன்."

இரண்டு மாதத்துக்கு ஒரு போட்டி. பதினைந்து நாள். ஒவ்வொரு வீரனுக்கும் நாளொன்றுக்கு ஒரே ஒரு ஆட்டம். பெரிய வீரர்களின் ஆட்டங்கள் நம் கணக்குக்கு மதியம் பன்னிரண்டரைக்குத் தொடங்கி இரண்டரைக்குள் முடிந்துவிடும். காலையில் பிள்ளைகளைக் கிழக்குத் தாம்பரத்துப் பள்ளியில் விட்டுவிட்டு, மூன்று மணிக்கு மறுபடி ஏற்றும்வரை அவருக்கு வேலை இல்லாத நேரம் அது. பள்ளியின் பின்சுவரை ஒட்டித் தூங்குமூஞ்சி மரத்தடியில் வேனை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் நேரலையாகப் போடுவதைப் பார்ப்பார். தலைக்கு மேலே வெயில் மறைப்பில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வீரர்களின் பெயர்கள், பதினைந்து கட்டங்கள். ஜெயித்தால் வெறும் வட்டம், தோற்றால் உள்ளே மை நிரப்பிய வட்டம்.

பட்டம் வெல்கிறவர்கள் மேல் அவருக்கு ஆர்வம் கிடையாது. அவருடைய ஆள் வேறு. முப்பத்தெட்டு வயதில், இரண்டு முழங்காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு, உயர்ந்த பிரிவின் கடைசி வரிசையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒருவன். "பதினஞ்சுல எட்டு ஜெயிச்சா போதும் சார். எட்டுன்னா அந்த எடம் நிக்கும். ஏழுன்னா கீழ எறக்கிடுவான். நம்ம ஆளு பத்து வருஷமா எட்டு எட்டா வாங்கியே குடித்தனம் பண்றான்" என்பார்.

எந்த ஊர்க்காரன் என்பதைச் சொல்லித்தான் வீரனை அங்கே மேடைக்கு அழைப்பார்களாம். அதே வழக்கத்தில் எங்கள் பிள்ளைகளையும் இடத்தின் பெயரால்தான் கூப்பிடுவார். சேலையூர் டிபன் பாக்ஸை மறந்துட்டா. மேடவாக்கத்துக்குப் பல்லு ஆடுது. பள்ளிக்கரணைக்கு இன்னிக்கு மூட் சரியில்ல. கடைசியாகச் சொன்னது ஜோயலை.

ஜோயல் எங்களுக்குத் திருமணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்தவன். அவன் மூச்சு விடுகிறானா என்று இப்போதும் இரவில் விரல் வைத்துப் பார்க்கிறவன் நான். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியாக இருந்தாலும் கதவு திறந்ததும் ஓடிவிடுவான். எங்கே, எதற்கு என்றெல்லாம் இல்லை. ஓட்டம்தான். முதல் வகுப்பில் சேர்த்த முதல் வாரம், வேன் கதவு திறந்ததும் குதித்து மேடவாக்கம் சாலையின் குறுக்கே ஓடினான். ஒரு பேருந்து நின்றது. எப்படி நின்றது என்று தெரியவில்லை. அதன் முகப்பு விளக்குக்கும் என் மகனின் புத்தகப் பைக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது.

நான் அவனை அடித்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அடிக்காத சார். இவன் கதவு தொறந்தா ஓடுற புள்ள. புடிச்சா திமிருவான். புடிக்காம நிறுத்தணும்."

"எப்படி?"

"நாளைக்குப் பாரு."

மறுநாள் வேன் எங்கள் தெருவுக்குள்ளேயே வந்து நின்றது. அவர் இறங்கிப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் சாலையில் குந்தி உட்கார்ந்து, வாசலை அடைத்தாற்போல ஜோயலின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டார். ஒரு முஷ்டியைப் படிக்கட்டுத் தகட்டில் ஊன்றினார். மற்றது முழங்கால் மேல். ஜோயலும் அதேபோல ஒரு கையை ஊன்றினான். வரும் வழியிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

சுமோவில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்க விசில் கிடையாது. எதிரெதிரே குந்தி இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். நடுவர் நிற்பார், ஆனால் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ண மாட்டார். இருவருடைய இரண்டு கைகளும் மண்ணைத் தொட்ட கணத்தில் ஆட்டம். எதிராளியின் கை இறங்குமுன் எழுந்துவிட்டால் தப்பாட்டம், மறுபடி முதலிலிருந்து குந்த வேண்டும். "ரெண்டு பேர் மூச்சும் ஒண்ணாவணும் சார். அதுக்குதான் அந்த மொறைப்பு. ஜெயிக்கிறது அப்புறம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கதவைத் திறக்குமுன் எனக்கென்று அவர் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டின் மேல் வந்து நின்றேன். அதன் பிறகுதான் இரண்டாவது கையை இறக்கி ஒதுங்கினார். ஜோயல் குண்டு மாதிரி பாய்ந்து என் வயிற்றில் மோதினான். நான் கோட்டுக்குப் பின்னால் ஓரடி போனேன்.

"பள்ளிக்கரணை ஜெயிச்சான்" என்று அறிவித்துவிட்டு, வெயில் மறைப்புத் தாளின் அடியில் அவனுக்காகப் போட்டிருந்த வரியில் ஒரு வட்டம் போட்டார்.

அன்று முதல் ஜோயல் வேனிலிருந்து ஓடியதில்லை. ஒருநாள் கூரியர்காரரோடு பேசிக்கொண்டிருந்ததில் நான் கீழே வர ஆறு நிமிடம் ஆகிவிட்டது. மழைத் தூறல். இருவரும் ஒரு கை ஊன்றி ஒருவரையொருவர் பார்த்தபடி அப்படியே இருந்தார்கள். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ வராம நான் எப்படி சார் கைய வெக்கிறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவரிடம் இருந்தது அந்த ஒரே ஒரு குணம்தான். மறுபக்கம் தயாராகும்வரை அவர் அசைய மாட்டார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு குறுகிய தெருவில் தண்ணீர் லாரி எதிரே வந்து நின்றிருக்கிறது. இவருடைய வேன் தெருவுக்குள் பாதிக்கு மேல் வந்துவிட்டது, லாரி அப்போதுதான் நுழைகிறது. லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தாராம். இவர் இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்.

"இன்னாய்யா மொறைக்கிற?"

"மொறைக்கல. பாத்துகினு கீறேன்."

"பின்னாடி எடு."

"நீ எப்போ எடுக்கிறியோ அப்போ நான் போறேன். அவசரம் இல்ல."

பிள்ளைகள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். பதினைந்து நிமிடம் கழித்து லாரி பின்னால் போனது. அன்று மாலை பதினொரு வீட்டிலும் இந்தக் கதைதான். லாரிக்காரர் கடைசியில் ஒரு மாதிரி பயந்துவிட்டார் என்று சேலையூர்ப் பெண் சொன்னாளாம். "அந்த அங்கிள் கண்ணைத் தேய்ச்சிட்டே ரிவர்ஸ் எடுத்தாரு."

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. கௌரிவாக்கத்தில் ஒரு அம்மா குழுவில் எழுதினார்: அந்த ஆள் மதியமெல்லாம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு துணியில்லாத ஆண்களைப் பார்க்கிறார், பிள்ளைகளை வெறித்துப் பார்க்கிறார், இமைப்பதே இல்லை, வேன் மாற்றலாமா? அதற்கு நான் பதில் போடவில்லை. ஆனால் என் தூக்கம் போயிற்று. இரண்டு நாள் கழித்து, வீட்டில் வரைந்துகொண்டிருந்த கட்டடப் படத்தை அப்படியே விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பள்ளியின் பின்பக்கம் போனேன்.

மணி ஒன்றரை. மரத்தடியில் வேன் நின்றது. அவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். இரண்டு கைகளும் தொடைமேல். கண்கள் திறந்திருந்தன. நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். திரும்பவில்லை. தட்டினேன். திரும்பவில்லை. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கவில்லை. ஒரு எறும்பு அவருடைய கன்னத்தில் ஏறிக் கண்ணுக்கு அருகே போய்க்கொண்டிருந்தது. இந்த மனிதர் செத்துவிட்டார், இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் வந்து இந்த வேனில் ஏறப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது கைபேசித் திரையில் ஏதோ வெடித்ததுபோல இரண்டு உடல்கள் மோதின. அவர் மூச்சு விட்டார். எறும்பைத் தட்டிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"நீ தட்டுனது கேட்டுச்சு சார். ரெண்டு பேரும் குந்திட்டாங்க. நடுவுல எப்படித் திரும்புறது? அவனுங்களுக்கு மரியாதை இல்ல."

"பயந்துட்டேன் அண்ணா."

"எதுக்கு?"

குழுவில் எழுதியது அவர் காதுக்கும் எட்டியிருக்கும்; எதற்காக வந்தேன் என்று தெரிந்திருந்தது. கண்ணாடியை ஏற்றுமுன் சொன்னார்: "கௌரிவாக்கத்து அம்மாகிட்ட சொல்லு சார். நான் புள்ளைங்களப் பாக்குறது நெஜம்தான். பாக்காம எப்படி எறக்குறது?"

அதற்குப் பிறகு வந்த போட்டியின் கடைசி ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுதான் முதலும் கடைசியும். அவருடைய கைபேசி பழுது. அவருடைய ஆள் ஏழு வெற்றி, ஏழு தோல்வியோடு நிற்கிறான். "பெரிய டிவில ஒரே ஒரு ஆட்டம் மட்டும் பாத்துக்கட்டுமா சார்?" என்று செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுக் கேட்டார். என் மனைவி ஸ்டெல்லா தேவாலயத்திலிருந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலி போட்டோம். உட்காரவில்லை. டீ கொடுத்தோம். முடிந்த பிறகு குடிக்கிறேன் என்றார். பிறகு ஸ்டெல்லாவிடம், "மேடம், ஒரு கை உப்பு கெடைக்குமா?" என்றார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். சமையலறைக்குள் என்னை இழுத்து, "உப்பு எதுக்குங்க? இவர் ஏதாவது செய்வினை வைக்கிற ஆளா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். மேடையில் ஏறுமுன் வீரர்கள் உப்பை வீசுவார்கள் என்று ஜோயல்தான் சத்தமாக விளக்கினான். அவர் உப்பை வாங்கிக்கொண்டு போய் வாசல் நிலைக்கு வெளியே தூவினார்.

அவருடைய ஆள் எட்டாவது வெற்றியை எடுத்தான். முழு ஆட்டமும் நான்கைந்து நொடி. அவர் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். போன பிறகு அவர் நின்ற இடத்தில் தரையில் ஈரமான இரண்டு பாதத் தடங்கள் இருந்தன. தன் ஆளின் முறை வரும்வரை ஒரு மணி நேரம் ஒரு இம்மிகூட நகராமல் நின்றிருக்கிறார். மின்விசிறி ஓடியும் அவை காய நேரமானது. ஸ்டெல்லா அவற்றைத் துடைக்காமல் சுற்றிப் போனாள்.

அந்த நவம்பர் நாளுக்கு வருகிறேன். போட்டியின் பதின்மூன்றாவது நாள், வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. நாலேகாலுக்கு மேடவாக்கத்துப் பெண்ணின் அப்பாவை அழைத்தேன். எங்களுக்கு முந்தைய நிறுத்தம் அவர்கள் வீடு.

"மூணு முப்பத்தஞ்சுக்கே எறக்கிட்டுப் போய்ட்டாரே சார்."

"ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் என்னைப் பாத்துட்டே நின்னாரு. அவர் எப்பவும் அப்படித்தானே? வாய் ஒரு பக்கமா இருந்துச்சு. பாக்கு ஏதாவது அதக்கியிருக்காருன்னு நெனச்சேன்."

அவருக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் கிடையாது. அது எனக்குத் தெரியும். அப்போது தோன்றவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு தாம்பரம் பக்கமாகப் போனேன். நான் செய்த தவறு அதுதான். வேன் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. வழியில் எங்கோ நின்றிருக்கும் என்று நினைத்து, வந்த வழியிலேயே பின்னோக்கிப் போனேன். மேடவாக்கம், சந்தோஷபுரம், கௌரிவாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் பத்திரமாகப் பள்ளி உடையை மாற்றிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அதே பதில். இன்னிக்குக் கொஞ்சம் அதிக நேரம் பாத்தாரு. சேலையூர்ப் பெண்ணின் அம்மா மட்டும், "எங்க பொண்ணும் ஜோயல் மாதிரிதான் எறங்குவா. இன்னிக்கு அவர் கையை இறக்குறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு அண்ணா. வெளையாடுறாருன்னு சிரிச்சேன்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

பள்ளியில் ஒன்றும் தெரியவில்லை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். ஸ்டெல்லா வண்டலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வேலையை விட்டுக் கிளம்பிவிட்டதாக அழுதுகொண்டே சொன்னாள். சாலை மழையில் அடைபட்டிருந்தது. அவரை விடாமல் அழைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஐந்தரை ஆகிவிட்டது. காவல்துறை பைக் ஒன்று எனக்குப் பின்னால் வர, வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் தெருவுக்கு முந்தைய தெருவைத் தாண்டும்போது ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது. மெல்லிய ஆண் குரல். சொற்களை நீட்டி நீட்டி யாரையோ கூப்பிடுகிற மாதிரி. இடையிடையே இரண்டு கட்டைகளைத் தட்டும் ஒலி. டக். நிறுத்தம். டக். வீரர்களை மேடைக்கு அழைக்கும் குரல் அது. எங்கள் வீட்டு டிவியில் கேட்டிருக்கிறேன். இருட்டத் தொடங்கிய சதுப்பு நிலத்தின் மேலே அந்தக் குரல் போய்க்கொண்டிருந்தது. சம்புப் புதர்களுக்குள்ளிருந்து நீர்க்கோழி ஒன்று பதில் கொடுப்பதுபோலக் கத்தியது.

அந்தத் தெருவும் எங்கள் தெருவைப் போலவேதான். முனையில் அதே மாதிரி டிரான்ஸ்பார்மர், அதே மாதிரி மஞ்சள் சுவர். ஆனால் வீடுகள் இல்லை. இரண்டு பக்கமும் காலி மனைகள். கடைசியில் சதுப்பு நீர். மழைக்கு நீர் ஏறி, சாலை முடிகிற இடத்தையே தொட்டுக்கொண்டிருந்தது.

தெருக்கடைசியில், நீருக்குப் பத்தடி தள்ளி வேன் நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. இன்ஜின் அணைந்திருந்தது. பக்கவாட்டுக் கதவு நீரைப் பார்த்துத் திறந்திருந்தது. டாஷ்போர்டில் கைபேசி. அன்றைய ஆட்டங்களை ஒன்று மாற்றி ஒன்றாகத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது. கதவுக்கு முன்னால் அவர் குந்தியிருந்தார். தோள் கதவுச் சட்டத்தில் சாய்ந்திருந்தது. ஒரு முஷ்டி படிக்கட்டுத் தகட்டில். மற்றது முழங்கால் மேல். கண்கள் திறந்திருந்தன. தூறல் அவற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

எதிரே ஜோயல். ஒரு கை ஊன்றியபடி.

"அப்பா, கிட்ட வராதீங்க" என்றான், தலையைத் திருப்பாமல். "அண்ணா இன்னும் கைய வெக்கல."

எவ்வளவு நேரம் என்று யோசித்துப் பார்க்கிறேன். மூன்றே முக்காலிலிருந்து ஐந்தரை வரை. அவ்வழியே போன ஒரே ஆள் மாடு பிடிக்க வந்த ஒருவர். டிரைவர் டயர் மாற்றிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துப் போய்விட்டாராம். கைபேசி அத்தனை முறை அடித்தும் ஜோயல் எடுக்கவில்லை. நடுவில் எழக்கூடாது. "மழைத்தண்ணி கண்ணுல விழுந்தப்பகூட அண்ணா கண்ண மூடலப்பா. அண்ணா சூப்பர்" என்று பின்னால் சொன்னான்.

மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கும், வழி குழம்பியிருக்கும், ஒரு தெரு முன்னாலேயே திரும்பிவிட்டார் என்றார் மருத்துவர். இரண்டாவது கை செயலிழந்திருக்கும், அதனால்தான் இறங்கவில்லை என்றார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். வெயில் மறைப்புத் தாளில் அன்றைய வட்டங்கள் எல்லாமே கோணல். கடைசி வட்டம் மூடப்படவே இல்லை. ஆனால் எனக்கு இரவில் வேறொன்று தோன்றுகிறது. கதவைத் திறந்து, குந்தி, ஒரு கையை ஊன்றி, அவர் வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார். நான் அங்கே இல்லை. பின்னால் தண்ணீர்தான் இருந்தது. அந்தக் கை இறங்கியிருந்தால் என் மகன் குண்டு மாதிரி எதை நோக்கிப் பாய்ந்திருப்பான்?

அந்த மாலை நான் அவனை வாரித் தூக்கினேன். திமிறினான். முதல் வாரத்தில் திமிறியதைவிட அதிகமாக. என் கையைக் கடித்துவிட்டுச் சாலையில் இறங்கி, ஓடாமல், அங்கேயே ஈரத்தில் குந்தினான். ஒரு முஷ்டி தரையில். கண்கள் அவர்மேல். ஆம்புலன்ஸ் வந்தது. அவர்கள் அவருடைய கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடத்தியபோது கால்கள் நேராகவில்லை. குந்திய நிலையிலேயே பக்கவாட்டில் கிடந்தார். ஜோயல் தலையைத் திருப்பி அந்த முகத்தையே பார்த்தான். போலீஸ்காரர் ஒரு சாக்லேட் நீட்டினார். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கெஞ்சினேன், அதட்டினேன். அவன் எழவில்லை, இமைக்கவும் இல்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. என் பிள்ளை இனி எழவே மாட்டான் என்று ஒரு கணம் உறுதியாக நம்பினேன்.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் இன்னும் கடையின் கவர் ஒன்று. போலீஸ்காரர் வேன் அண்ணாவின் கைபேசியிலிருந்து எண்ணெடுத்து இரும்புலியூரிலிருந்து வரவழைத்திருந்தார். அவருடைய மனைவி. ஆம்புலன்ஸுக்குள் ஏறினார். சற்று நேரம் கழித்து இறங்கி வந்து புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"எல்லாப் புள்ளையும் எறங்கிச்சா?"

"இவன் மட்டும்தான் பாக்கிம்மா."

அவர் ஜோயலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவனுக்கு எதிரே ஈரச் சாலையில் உட்கார்ந்தார்.

"நீதான் பள்ளிக்கரணையா? அப்பா வந்துட்டாரு பாரு கண்ணு. அவரும் எந்திரிச்சிட்டாரு. நீயும் எந்திரி."